கீழ வை கண்ணு

பிள்ளைகளுக்குள் எந்த வேற்றுமையும் பார்ப்பதில்லை என்று ஆசிரியர்கள் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். தலைமையாசிரியர் கோதண்டம் நீட்டிய காகிதத்தில் அன்னபுஷ்பம் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவருக்கென்ன பயம்? சேரிப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அறுபத்திரண்டாம் வருடம் இதே கோதண்டத்தோடு மல்லுக்கு நின்று எடுக்க வைத்தவர் அவர்தானே. "எங்க வேதத்துல ஜாதி கெடயாது சார்" என்று கிறிஸ்தவரான அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மதியம் கை கழுவப் போனபோது பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சேரிப் பிள்ளைகள் மூன்று பேர் பள்ளிக்கூட விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பாஞ்சாலிதான் டீச்சர். தோளில் துண்டை முந்தானையாகப் போட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவதுபோல் விரலை வைத்தாள். அன்னபுஷ்பத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழுதை, அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறாளே!

"நீ மணியக்காரர் வூட்டுப் பொண்ணு. நீ வந்து, நானு" என்று மற்ற இருவருக்கும் பாஞ்சாலி வேடம் பிரித்தாள்.

மணியக்காரர் வீட்டுப் பெண்ணின் சிலேட்டைக் கையில் வாங்கி, சரி போட்டு, கன்னத்தைத் தட்டினாள். அடுத்தவள் சிலேட்டை நீட்டியதும் ஓரடி பின்னால் போனாள். குரல் தேனாய் இனித்தது.

"கீழ வை கண்ணு. அங்கியே வை. டீச்சர் இங்கேருந்தே பாக்கறேன்."

அன்னபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது நானா? பானையை எடுத்த நானா? யோசித்துப் பார்த்தார். எட்டு வருட வேலையில் ஒரு சேரிப் பிள்ளையின் சிலேட்டைக்கூட அவர் தொட்டதில்லை. யாரும் சொல்லித்தரவில்லை. வந்த புதிதில் மற்ற வாத்தியார்கள் செய்ததைப் பார்த்துச் செய்தது, அப்படியே பழகிப்போய்விட்டது. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. காலையில் போட்ட கையெழுத்து வேறு நெஞ்சைக் குத்தியது.

மணி அடித்து வகுப்பு கூடியது. கணக்கை முடித்துவிட்டு வந்த பாஞ்சாலி, வழக்கம்போல் தள்ளி நின்று, சிலேட்டைத் தரையில் வைக்கக் குனிந்தாள்.

"கீழ வைக்காத. என் கையில குடு" என்று டீச்சர் கையை நீட்டினார்.

பாஞ்சாலி, அடிக்க வரும் கையைக் கண்டதுபோல், சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"கணக்கு சரியாத்தான கீது டீச்சர்? நான் இன்னா தப்பு பண்ணேன்?"