முந்நூறு ஓம்

மனிதகுலத்தின் வீழ்ச்சி, உடைந்துபோன பாகத்துக்குப் பதிலாக வேறொன்றை மாட்டிய முதல் ஆளிடமிருந்து தொடங்குகிறது. இதைக் கண்டறிந்தவர் என் அத்தான். அறிவித்தபோது அவர் மடியில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

தட்டு மடிக்கு வந்ததற்குக் காரணம், சாப்பாட்டு மேசையை அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொண்டதுதான். ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்காக அவரே கட்டிவரும் கருவி. கைப்பேசியில் செருகினாலும் ஹெட்போன் பாடும் என்ற தகவலை வீட்டில் யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அறிவிப்புக்கு உடனடிக் காரணம் குக்கர். கைப்பிடி உடைந்ததும் அக்கா பழைய வாணலியின் கைப்பிடியைக் கழற்றி அதில் மாட்டியிருந்தாள்.

"இது குக்கர் இல்ல மாப்ள, கூட்டணி" என்பார் அத்தான், வேளை தவறாமல்.

அக்கா இந்த முறை கெடு வைத்தாள். "ஞாயித்துக்கிழமை மேசை எனக்கு வேணும். அதுக்குள்ள பாடினா அலமாரியில இடம். பாடலைன்னா பரண்."

அத்தானின் படைப்புகளில் பரணேறிய எதுவும் திரும்ப இறங்கியதாக வரலாறு இல்லை. பாடாத ரேடியோ ஒன்றும், பெயர் வைக்கப்படாத பெட்டி ஒன்றும் அங்கே நிம்மதியாக இருந்தன.

பாக்கி ஒரே சாமான்தான். முந்நூறு ஓம் ரெசிஸ்டர், அதாவது கரண்டை மட்டுப்படுத்தும் துண்டு, காதுக்கு ஒன்றாக இரண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமானது. சனிக்கிழமை தேடிப் போனோம். முதல் கடையில் "வரும்" என்றார்கள். அடுத்த கடையில் "வந்துச்சு, போயிடுச்சு" என்றார்கள். மூன்றாவது கடையம்மா மட்டும் டப்பாக்களைத் துழாவிப் பார்த்தார்.

"முந்நூறு இல்ல சார். நூத்தம்பது இருக்கு. ரெண்ட ஒண்ணு பின்னால ஒண்ணா பத்த வச்சீங்கன்னா முந்நூறு."

"அது முந்நூறு இல்லம்மா. ரெண்டு நூத்தம்பது."

"கரண்டுக்கு அதெல்லாம் தெரியாது சார்."

"எனக்குத் தெரியுமே. நான் கட்டுறது பத்தரை மாத்துத் தங்கம்மா."

"நானும் மாத்துதான் சார் சொல்றேன்."

அத்தான் படியிறங்கிவிட்டார். வீடு வரும்வரை ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "எங்க போனாலும் கூட்டணி மாப்ள."

ஞாயிற்றுக்கிழமை காலை, நாற்காலி இழுபடும் சத்தத்தில் விழித்தேன். எழுந்து போனபோது அத்தான் மேசைக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முதுகில் ஒட்டடை. காலடியில் பாடாத ரேடியோ, வயிறு திறந்து கிடந்தது. அதில் இருந்த இரண்டே இரண்டு நூற்றைம்பது ஓம் ரெசிஸ்டர்களைப் பிடுங்கி, வாலும் தலையுமாகச் சேர்த்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு கறுப்பு உறையை மாட்டினார். இப்போது பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தது.

"என்ன அத்தான் அது?"

"முந்நூறு."

"ஒண்ணுதான் இருக்கு?"

"ஒரு காதுக்குப் போட்டுப் பாக்கறேன். சும்மா. ஒரு சோதனைக்கு."

கண்ணாடி வால்வு மெல்லச் சிவந்தது. அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டினாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. அதை மறைக்க அவள் ஒன்றும் செய்யவில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா ஒரு பக்கந்தான் பாடுது" என்றாள். "அலமாரியில பாதி இடம் தரட்டுமா?"

அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. அக்கா போய், வாணலிக் கைப்பிடியைப் பிடித்து இறக்கி வைத்தாள். அத்தான் அந்தப் பக்கம் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரணுக்குக் கீழே போட்டார். இந்த முறை இழுக்கவில்லை.

"மாப்ள, நாற்காலியப் பிடி" என்று ஏறினார். "அந்தப் பெட்டியிலயும் ரெண்டு இருக்கும்."