மஞ்சள் கோடு

விடியும்போதே அப்பா ஒரு காரை ஜாக்கியில் ஏற்றுமுன் அதன் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். வீல் ஸ்பேனரின் கைப்பிடிமேல் ஏறி நின்று, உடம்பின் எடை மொத்தத்தையும் போட்டு மிதித்தார். கிரீச்சென்று நட்டு இளகியது. துருத் தூள் வாயில் தெறிக்க, துப்பிவிட்டு அடுத்ததை மிதித்தார்.

பெரிய காரின் சக்கரத்தைச் சின்னக் காருக்கு மாட்டுவதுதான் எங்கள் பட்டறையின் பிழைப்பு. உடைத்த கார்களிலிருந்து முதலாளி சக்கரங்களை அள்ளி வருவார். போல்ட் நுழையும் நாலு ஓட்டையும் பொருந்தும். நடு ஓட்டைதான் பெரியது. அச்சுமுனையில் தொளதொளவென்று நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வண்டியின் பாரம் முழுவதும் விரல் தடிமன் போல்ட்டுகள் தலையில். வளையம் வாங்கித் தரச் சொல்லி அப்பா ஆறு மாதமாகக் கேட்கிறார். "ஓடுதுல்ல? அப்புறமென்ன?" என்பதே முதலாளியின் பதில்.

முந்தாநாள், நாங்கள் சக்கரம் மாட்டிக் கொடுத்த ஒரு வாடகைக் காரின் முன்சக்கரம் கழன்று தனியே ஓடிவிட்டது. ஓட்டுநர் இடுப்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

முதலாளி வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார். நான் அங்கே பில் அடிப்பவள்.

"ஏம்மா பட்டதாரி, ஒண்ணு அடி. 'நட்டைச் சரியா முறுக்காதது என் தப்பு'ன்னு. உங்கப்பாகிட்ட கையெழுத்து வாங்கிடு."

"அவர் முறுக்காம விட்டதே இல்ல, சார்."

"நாலு எழுத்து படிச்சுட்டா திமிரு வந்துடுமே!"

"கேஸ் யார் மேல வரும்?"

"நான் பாத்துக்கறேன்."

"ஓட்டுநரைப் பாத்துக்கிட்ட மாதிரியா?"

அப்பா கழிவுத்துணியில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். "குடும்மா, போட்டுடறேன். நமக்கெதுக்கு வம்பு?"

எனக்கு முதலாளிமேல் வந்ததைவிட அவர்மேல்தான் அதிகம் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் டிங்கர் மாமா நுழைந்தார். கார் உடம்பின் நெளிசலைத் தட்டி நிமிர்த்துகிறவர். நேற்று முழுக்க விபத்து நடந்த சாலையோரப் புல்லைத் துழாவியிருக்கிறார். மேசைமேல் இரண்டு நட்டுகளை வைத்தார்.

"மச்சான், இது உன் கோடுதானே?"

அப்பாவுக்கு ஒரு வழக்கம். முறுக்கி முடித்ததும் போல்ட் நுனியிலிருந்து நட்டின்மேல் வரை மெல்லிய மஞ்சள் பெயிண்ட் கோடு இழுப்பார். அது காய வாயால் ஊதிவிட்டுத்தான் ஜாக்கியை இறக்குவார். நட்டு இம்மி திரும்பினாலும் கோடு விலகிவிடும்.

இரண்டு நட்டுக்குள்ளும் முறிந்த போல்ட் துண்டு இறுகிக் கிடந்தது. கோடு விலகவே இல்லை.

"நட்டு கழலல. போல்ட்தான் முறிஞ்சிருக்கு. உன்னைவிட உன் கோட்டுக்கு ரோஷம் ஜாஸ்தி மச்சான்!"

முதலாளி கையை நீட்டினார். நான் நட்டுகளை அள்ளிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

"எடு வெளியே!"

"எடுப்பேன். விசாரிக்க வர்றவங்க முன்னாடி."

"போங்கடா வேலைக்கு! ஜாக்கியில நிக்கிற அந்தக் கார் பத்து மணிக்குப் போகணும்."

அந்தக் காருக்கு மாட்டச் சக்கரத்தை உருட்டி வந்த எங்கள் பட்டறை டயர்க்காரர், அதை அப்படியே சுவரில் சாய்த்தார். அப்பா வெளியே போனார். கார்மேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துக் கீழே வைத்தார்.

"வளையம் வரட்டும், முதலாளி."

"இந்த வேலைக்கு வாசல்ல பத்துப் பேர் நிக்கிறான்!"

"நிக்கட்டும். அவங்களுக்கும் நட்டைக் காட்டறோம்" என்றார் டிங்கர் மாமா.

முதலாளி தானே சக்கரத்தைத் தூக்கினார். நாலு போல்ட்டிலும் ஒருசேர நுழைக்க வேண்டும். மூன்று முறை தூக்கினார். வெள்ளைச் சட்டையில் கரி அப்பியதுதான் மிச்சம். ஒருவரும் நகரவில்லை.

நான் அடித்தேன்: போல்ட் முறிந்தே சக்கரம் கழன்றது. வளையமின்றி இனி எந்தச் சக்கரத்தையும் மாட்ட மாட்டோம்.

"ரெண்டு காப்பி எடு. ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு, அந்த ஓட்டுநருக்கு. நானே கொண்டுபோறேன்" என்றார் அப்பா.

நாலு பேரும் கையெழுத்திட்டோம். நாளைக்குக் கதவில் பூட்டுத் தொங்கலாம். அப்பா கடைசியாகப் போட்டார். பிறகு குனிந்து, மை காய, அந்தக் கையெழுத்தின்மேல் மெதுவாக ஊதினார்.