வயிற்றின் மேல் குதித்த செல்போன்

என் வீட்டுக்காரர் ராமசுப்புவுக்கு உடம்பெல்லாம் கூச்சம். விலாவில் ஒரு விரல் பட்டால் போதும், அறுபது தாண்டிய மனிதர் பச்சைப்பிள்ளை போல நெளிந்து நெளிந்து சிரிப்பார். கல்யாணத்துக்கு நலங்கு வைக்கும்போதே பாதத்தில் மஞ்சள் பூச விடாமல் சிரித்து, எங்கள் சொந்தபந்தம் முன்னால் என் மானத்தை வாங்கியவர். இந்தக் கூச்சத்துக்காக அவரை நான் திட்டாத நாள் கிடையாது.

மாசியில் மக்காச்சோள மூட்டைகளை ஏற்றிவிட்ட கையோடு அவருக்கு இடுப்பு வலி வந்தது. எங்கள் ஊர் இடைசெவலில் இடுப்பு வலி என்றால் அடுத்த பேச்சு கல்லடைப்புதான். எங்கள் தண்ணீர் அப்படி. அவரும் வாழைத்தண்டுச் சாறு குடித்துப் பார்த்தார். வலி அசைந்து கொடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் மல்லாக்கப் படுத்து, செல்போனை வயிற்றின் மேல் நிறுத்திக் கபடி பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்குத் தட்டை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். போன் குதித்துக்கொண்டிருந்தது. மூச்சுக்கு வயிறு ஏறி இறங்குவது எனக்குத் தெரியும். இது நாடி துடிப்பது மாதிரி டக் டக்கென்று.

"என்னங்க, போனை அதிர்வுல போட்டிருக்கியளா?"

"இல்லையே. ஏன் கேக்க?"

போனை எடுத்துவிட்டுக் கையை வைத்தேன். வைப்பதற்குள் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் தொப்புளுக்கு மேலே ஏதோ ஒன்று உள்ளேயிருந்து என் கையைத் தள்ளியது.

நான் டாக்டருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போட்டதோ மதினிக்கு. மதினி பார்வதியம்மாள் இவருடைய அக்கா. பாரம் தூக்கினால் குடல் புரண்டு மேலே ஏறிவிடும், விளக்கெண்ணெய் தடவி அமுக்கி இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்த வேலையில் மதினி பேர் போனவர். அவர் கை ஒவ்வொன்றும் உலக்கை. வந்தார், தம்பியைப் பாயில் கிடத்தினார், எண்ணெயை ஊற்றினார்.

"ஏலே, அசையாம கெட."

கை பட்டதும் இவர் துள்ளி உருண்டார். நான் காலைப் பிடித்தேன். அதற்கும் சிரிப்பு. எண்ணெய் வழுக்கி மதினியின் பிடி நழுவியதுதான் தாமதம், மனிதர் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டார்.

"யக்கா, என்னக் கொன்னாலும் சரி, வயித்துல மட்டும் கை வைக்காத!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"மாடு மாதிரி வளந்தும் கூச்சத்தப் பாரு" என்று மதினி கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வாரேன். கட்டிப்போட்டாவது எறக்கிருதேன்."

அந்த நாளைக்குப் பயந்துதான் மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தானாகவே கோவில்பட்டி பஸ் ஏறக் கிளம்பினார். கல் எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துவிடலாமாம். நானும் முணுமுணுத்துக்கொண்டே கூடப் போனேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயதுதான். ஜில்லென்று பசையைத் தடவியதும் இவர் ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா, எந்திரிக்காதீங்க. அப்படியே படுத்திருங்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "இருதயத்துல இருந்து காலுக்கு ரத்தம் போற பெரிய குழாய், வயித்துக்குள்ள பலூன் மாதிரி வீங்கியிருக்கும்மா. வெடிச்சா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். இப்பவே மதுரைக்குப் போகணும். யாராச்சும் வயித்த அமுக்கினாங்களா?"

"இல்லம்மா. அவிய அமுக்க விடல" என்றேன். என் விரலில் விளக்கெண்ணெய் வாடை இன்னும் இருந்தது.

ஆம்புலன்ஸ் ஒவ்வொரு முறை குலுங்கியபோதும் டிரைவரைத் திட்டினேன். "ஏட்டி, அவர வண்டி ஓட்ட விடு" என்றார் படுத்திருந்தவர். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

மதுரையில் இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் முதலில் பீடியைப் பற்றித்தான் கேட்டார். வாலிபத்திலிருந்து இழுத்த பீடி அது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், இரண்டு தொடையிடுக்கு வழியாகவும் துணி போர்த்திய கம்பிக்குழாயை வீங்கிய இடத்துக்குள் ஏற்றிவிடுவோம், ரத்தம் அதன் வழியாகப் போய்விடும் என்று விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சில பேருக்குக் காலுக்குப் போற ரத்தம் தடைபடலாம். உணர்ச்சியும் போகலாம். முடிஞ்சதும் முதல்ல காலத்தான் பாப்போம்."

உயிரைக் கொடு என்று வேண்டிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு காலையும் சேர்த்து வேண்டினேன். கரிசல் காட்டில் நடந்தே வாழ்ந்த மனிதர். கட்டிலில் கிடந்தால் ஒரு வருசம்கூடத் தாங்க மாட்டார்.

மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு அமுக்கியிருந்தால் வெடித்திருக்கும் என்ற விசயம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த உலக்கைக் கை இரண்டையும் முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். பாவமாக இருந்தது. காலைப் பிடித்தவள் நான், அவரை என்ன சொல்ல?

"குழாய் நல்லா உக்காந்திருச்சு" என்று டாக்டர் வந்து சொன்னார். எங்களை உள்ளே விட்டார்கள். இவர் கண்மூடிக் கிடந்தார். நர்ஸ் போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு இருக்கு. நாடியும் இருக்கு" என்றவள் பேனா முனையால் உள்ளங்காலில் மெல்லக் கோடு இழுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மதினி என் கையை நெரித்தார்.

நர்ஸ் மறுபடியும் இழுத்தாள். பெருவிரல் மடங்கியது. பிறகு உதடு கோணியது.

"ஏட்டி வள்ளி... அவியள கைய எடுக்கச் சொல்லுட்டி" என்று குழறிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயா, சிரிக்காதீங்க! கால மடக்கக் கூடாது!" என்று நர்ஸ் பதறிப்போய் முழங்காலைப் பிடித்தாள். அதற்கும் சிரிப்பு.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் சொன்னேன்.

"அந்தக் காலையும் ஒரு தடவ பாத்துருங்க, தாயி."