புறங்கால்

வெந்நீர்க் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கிய மரியம்மாள், அதை அங்கேயே தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். வெந்நீரைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்து ஒன்றரை வருஷமாகிறது. கொழுந்தன் யேசுதாஸ்தான் வந்து எடுத்துப் போனான். உள்ளே பெஞ்சின்மேல் அவள் புருஷன் முனிரத்தினம் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். நாலு மணிக்கு அடக்கம்.

"அண்ணி, நீங்க வெளிய இருங்க. குளிப்பாட்டுறத நாங்க பாத்துக்கிறோம்."

"கால மட்டும் நான் கழுவுறேன்பா."

மகள் கிரேஸ் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அது லேசான பேச்சில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள். சாயம் போடுவதற்கு முன்னால் பட்டு நூலைச் சோடா போட்ட தண்ணீரில் வேகவைத்துப் பசையை எடுக்க வேண்டும். அப்படிக் கொதித்துக்கொண்டிருந்த கொப்பரையை இருவருமாக இறக்கும்போது மரியம்மாளின் பிடிதான் நழுவியது. அவருடைய இடது புறங்கால் முழுக்கத் தோல் உரிந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் காலை அவள் பார்த்ததே இல்லை. கட்டுப் பிரித்தது, மருந்து போட்டது எல்லாம் கிரேஸ். சோறு போடும்போதுகூட மரியம்மாள் அவர் முகத்தைத் தாண்டிக் கீழே பார்க்கமாட்டாள்.

சென்னை ஆஸ்பத்திரியில் பட்டுநூலை வைத்துத் தோல் வளர்க்கப்போகிறார்கள் என்றதும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"நாம எடுக்கிற மாதிரியே பசை எடுத்த பட்டுதாம்மா. அதக் கரைச்சு ஸ்பாஞ்ச் மாதிரி பண்ணி புண்ணுமேல வைக்கிறாங்க. அப்பாவோட செல்லு அதுல ஏறி வளந்துக்கினே வரும். வளர வளர பட்டு தானா கரைஞ்சிடும்."

"பட்டு வேகுற தண்ணியில வெந்த காலுக்குப் பட்டே மருந்தா? போடி."

ஆறு மாதத்தில் அவர் நன்றாக நடந்தார். "வந்து பாரேம்மா, ஆறிப்போச்சு" என்று எத்தனையோ தரம் கூப்பிட்டார். தன்னைத் தேற்றத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம்கூட டிவி முன்னால் உட்கார்ந்து பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார்.

"கொசு புடுங்குதும்மா."

"எந்தக் கால்ல?"

"நீயே வந்து பாரு" என்று சிரித்தார். அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

இப்போது கிரேஸ் போர்வையை முழங்கால்வரை விலக்கினாள். மரியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு செம்புத் தண்ணீரை ஊற்றினாள், விரலால் தடவினாள். கரடுமுரடாக எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணைத் திறந்தாள்.

தோல். மற்றக் காலைவிடக் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். சின்னச் சின்ன ரேகைகள்கூட ஓடியிருந்தன. இதைப் பார்க்கவா ஒன்றரை வருஷம் பயந்தாள்?

"பட்டு எங்கடி?"

"இல்லம்மா, எப்பவோ கரைஞ்சுபோச்சு. இது அப்பாதான்."

"கர்த்தரே" என்றாள். இன்னும் குனிந்தாள். புதுத்தோலின் நடுவில் கடுகளவு ஒரு கொசுக்கடி. பக்கத்திலேயே அவர் நகம் பட்ட கீறல் இரண்டு.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"நேரமாவுது அண்ணி" என்றான் யேசுதாஸ்.

மரியம்மாள் விரல் நுனியால் அந்த இடத்தை மெதுவாகச் சொறிந்துவிட்டாள்.