மூன்று வேன்களும் ஒரு விசுவாசப் பிரமாணமும்

கெட்டில் ரிவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஹாலிஸ் ப்ரூயிட்டுக்கு ரகசியமாக ஓரிடம் போய்வர வேண்டியிருந்தது. விமானத்தில் போக முடியாது. மிசூரியில் ஃபுட்பால் ரசிகர்களுக்கு வேறு வேலை கிடையாது. பல்கலைக்கழக விமானம் எங்கே பறக்கிறது என்று கணினியில் பார்த்துக்கொண்டேதான் காலைக் காபியைக் குடிப்பார்கள். சொந்தக் காரில் போனால் பெட்ரோல் பங்கில் நாலு பேர் கைகுலுக்க வருவார்கள். யோசித்து யோசித்துக் கடைசியில் பெண்கள் வாலிபால் அணியின் வேனைப் பிடித்தார். அந்த வேனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

வேனை ஓட்டியவள் மார்வா டீக். வாலிபால் அணிக்குத் தனியாக ஓட்டுநர் கிடையாது. பயிற்சி தருவதும் அவள்தான், வண்டி ஓட்டுவதும் அவள்தான்.

"தெற்கே போ கோச். ஆர்கன்சா எல்லையைத் தாண்டினதும் ஒரு பார்பெக்யூ கடை இருக்கு" என்றார் ஹாலிஸ்.

"கறி சாப்பிடவா இவ்வளவு தூரம்?"

"ஒருத்தரைப் பாக்கணும். மேற்குக் கரைக் கூட்டமைப்புலேர்ந்து வர்றார்."

ஹாலிஸ் கூட்டமைப்பு மாறப் பார்க்கிறார் என்று மார்வாவுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் பல்கலைக்கழகம் போட்டிகளில் ஆடுவது நடுச் சமவெளிக் கூட்டமைப்பில். அதிலுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களும் தங்கள் ஆட்டங்களை டிவியில் காட்டும் உரிமையைக் கூட்டமைப்புக்கே எழுதிக் கொடுத்திருந்தன. ஒப்பந்தம் முடிய இன்னும் பல வருஷம் இருந்தது. நடுவில் யார் கிளம்பினாலும் உரிமை கூட்டமைப்பிடமே தங்கிவிடும். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மருமகளின் நகைப்பெட்டி மாமியார் பீரோவிலேயே இருப்பது மாதிரி.

"போன மாசம் பத்திரிகைக்காரங்க முன்னாடி நெஞ்சுல கை வச்சுக்கிட்டு, 'கையெழுத்துன்னா கையெழுத்துதான்'னு சொன்னீங்க."

"அது போன மாசம்."

"அப்ப ஒப்பந்தம்?"

"அதுல எங்கயாவது ஓட்டை இருக்கும்னு வக்கீல் சொல்றான். இல்லேன்னா போட்டுக்கலாமாம். அவங்க டிவி நமக்கு மூணு மடங்கு தரும், மார்வா."

"என் பொண்ணுங்க செவ்வாய்க்கிழமை ராத்திரி சியாட்டில்ல ஆடிட்டு, புதன்கிழமை காலைல இங்க வந்து கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதணுமா?"

"பணம் பத்தலேன்னா எந்த டீமை முதல்ல மூடுவாங்க? ஃபுட்பாலையா?" என்றார் ஹாலிஸ். குரலில் கோபமில்லை. "நான் எனக்காக மட்டும் ஓடல."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆண்கள் நீச்சல் அணியை மூடினார்கள். இன்று அந்தக் குளத்தில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்தது யார் என்று மார்வாவும் பல நாள் படுக்கையில் புரண்டு யோசித்திருக்கிறாள்.

கடை வாசலில் ஹாலிஸ் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தார். மார்வா வேனை நிறுத்த இடம் தேடினாள். அங்கே ஏற்கனவே ஒரு பச்சை வேன் நின்றது. பக்கவாட்டில் 'டெல்டா டெக் பெண்கள் சாஃப்ட்பால்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதன் பின்கதவுப் படியில் உட்கார்ந்து பன்றி விலா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள் ஓபல் ஜென்ட்ரி, அதே கூட்டமைப்பிலுள்ள டெல்டா டெக் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். வாயைத் துடைக்காமலே சிரித்தாள்.

"வாடி. நீயும் டிரைவரா?"

"உங்க ஆளும் உள்ளயா?"

"சாஃப்ட்பால் வேனை எவன் பாக்கப்போறான்னாரு. நான் அறிவாளிக்குத்தான் வண்டி ஓட்டறேன்னு பெருமையா வந்தேன். வந்து பாத்தா அவனும் இருக்கான்." எலும்பால் பின்பக்கம் காட்டினாள்.

பின்னால் கூட்டமைப்பின் இன்னொரு உறுப்பான செயின்ட் ஆல்பன் கல்லூரியின் வேன் நின்றது. அதன் கூரையில் நீளமான துடுப்புப் படகு ஒன்று வாலும் தலையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படகுப் பயிற்சியாளர் டுவைட், ஆறரை அடி ஆள், நிழலில் நின்றபடி சோளரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"படகைக் கழட்ட நேரம் குடுக்கல" என்றான் பரிதாபமாக. "கண்ணுல படாம போகணும், சீக்கிரம் கிளம்புன்னாரு."

மூவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மூன்று விளையாட்டுத் துறைத் தலைவர்களும் மூன்று மூலையில், ஆளுக்கொரு மெனு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் கண்ணிலும் யாரும் படவில்லை. மேற்குக் கரை ஆள் பரிமாறுகிறவன் மாதிரி மேஜை மேஜையாகப் போய்க் குனிந்து பேசிக்கொண்டிருந்தான்.

"மேற்குக் கரையில எத்தனை இடம் காலியாம்?" என்று மார்வா கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றான் டுவைட். "தண்ணி கேக்கற மாதிரி உள்ள போய்க் கேட்டுட்டு வந்தேன்."

"அதை விடு. சமையல்கட்டுப் பக்கத்து மேஜையப் பாரு" என்றாள் ஓபல்.

அங்கே கழுத்தில் துணி செருகிக்கொண்டு எல்வுட் ஹாஸ்கின்ஸ் கறி தின்றுகொண்டிருந்தார். நடுச் சமவெளிக் கூட்டமைப்பின் தலைவரே அவர்தான். ஒப்பந்தத்தை மீறுகிறவர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று சொன்ன மனிதர்.

"இவரு எதுக்கு?"

"அந்தப் பக்கம் அவருக்கு வேலை வேணுமாம்."

மார்வா முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவளிடம் ஆடிய பெண்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்; எதிரணி பின்னால் தள்ளி நிற்கும்போது பந்தை வலைக்கருகிலேயே மெல்லப் போடச் சொல்லும் சிரிப்பு.

"ரெண்டு பேரும் இப்படி வாங்க. ஒரு போட்டோ எடுப்போம்."

மூன்று வேன்களின் பெயர்களும் தெரிந்தன. படகு தெரிந்தது. பின்னால் ஜன்னலுக்குள் மூன்று மெனு அட்டைகளும், மறைக்கத் தோன்றாமல் மென்றுகொண்டிருந்த ஹாஸ்கின்ஸும் தெரிந்தார்கள். 'எங்கள் கூட்டமைப்புக் குடும்பம் ஒன்றாகச் சாப்பிடுகிறது' என்று எழுதி, கடையின் பெயரையும் சேர்த்து, வாலிபால் அணியின் இணையப் பக்கத்தில் போட்டாள்.

"நம்ம பக்கத்தையெல்லாம் யாரு பாக்கறா? பொண்ணுங்களோட அம்மாக்கள்தானே" என்றான் டுவைட்.

"ஒரு அம்மா போதும்."

ஓபலின் தட்டு காலியாவதற்குள் உள்ளே கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலற ஆரம்பித்தன. உள்ளூர் டிவிக்காரர்களின் வண்டியும் வாசலில் வந்து நின்றது. மார்வா பின்பக்கம் ஓடினாள். சமையல்கட்டுக் கதவு வழியாகத் தப்பிக்க வந்த மூன்று தலைவர்களும் புகையடுப்புக்குப் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீ இங்க என்னய்யா பண்றே?" என்றார் ஹாலிஸ்.

"விலா எலும்பு நல்லா இருக்கும்னாங்க" என்றார் டெல்டா டெக்காரர்.

"கறியை விட்டு மூணு வருஷமாச்சுன்னியே?"

மைக்கும் கேமராவும் அங்கேயே வந்துவிட்டன. கடைசியாக வெளியே வந்தவர் ஹாஸ்கின்ஸ். கழுத்துத் துணியைக் கூட எடுக்கவில்லை. ஆனால் தண்ணீரில் தூக்கிப் போட்டாலும் வாயில் மீனோடு கரையேறுகிற ஆள் அவர்.

"நான்தான் இவங்களைக் கூப்பிட்டேன்" என்றார் மைக்கில். "டிவி ஒப்பந்தத்தை இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம்னு பேசினோம். மூணு பேரும் சம்மதிச்சுட்டாங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இல்லை என்று சொல்கிறவன்தான் துரோகி. முதலில் நெஞ்சில் கை வைத்தவர் ஹாலிஸ். "கையெழுத்துன்னா கையெழுத்துதான்" என்றார். மற்ற இருவரும் அவசரமாகத் தங்கள் நெஞ்சைத் தேடினார்கள். மேற்குக் கரை ஆள் அதற்குள் காரில் ஏறிப் போய்விட்டிருந்தான்.

திரும்பும் வழியில் ஹாலிஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் போட்டோவைப் போட்டது யாரு?"

"நான்தான்."

"ஏன் மார்வா?"

"நம்ம சின்ன டீம்களையும் ஜனங்க கவனிக்கணும்னு நீங்கதான் மேடை மேடையா சொல்றீங்க."

ஹாலிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "புது வேன் கேட்டிருந்தியே, அது கிடையாது."

"சரி."

ஆனால் பணத்தைப் பற்றி அவர் சொன்ன கணக்கு பொய்யில்லையே. கோடையெல்லாம் பயந்துகொண்டே இருந்தாள். இலையுதிர் காலத்தில் செலவைக் குறைக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஊர் ஊராக விசுவாசி என்று பெயர் வாங்கிய மனிதர் எந்த முகத்தோடு ஓர் அணியை மூடுவார்? ஃபுட்பால் அணியின் தனி விமானத்தை நிறுத்தினார். மலை மலையாக இருந்த பையன்கள் முழங்காலை முகவாயில் முட்டிக்கொண்டு டென்னசிக்கு பஸ்ஸில் போனார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வணிகர் சங்கம் ஹாலிஸுக்கு நேர்மை விருது கொடுத்தது. மேடையில் அவர், "எத்தனையோ பேர் ஆசை காட்டினாங்க. சொன்ன சொல்லை விட்டுட்டு நான் எங்கய்யா போவேன்?" என்றார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

மார்வாவின் கணவன் அவள் காதருகே குனிந்தான். "இதையெல்லாம் அவரே நம்பறாரா?"

"இப்ப நம்பறாரு" என்றாள் மார்வா, அவன் தட்டிலிருந்த பெகான் கொட்டை இனிப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "ஒப்பந்தம் முடியற வரைக்கும் நம்பட்டும். நீ சத்தமா கைதட்டு."