கண் பட்ட கிளை

அப்போதெல்லாம் என் மெந்திகிச் செடியைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் என்னைத் தாண்ட வேண்டும். அப்புறம் கொசுவலையைத் தாண்ட வேண்டும். வலையின் உச்சியில் காய்ந்த மிளகாயும் எலுமிச்சம்பழமும் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். செடிக்குக் கொசுவலையா என்று எஸ்டேட்டே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மெந்திகி தீவில் வளரும் புதர். பவளப் பாறை இடுக்கில், உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் நிற்கும். இலை சின்னதாக, சாம்பல் பூசிய பச்சையில் இருக்கும். பூ வெள்ளை. பெட்டியில் மடித்து வைத்த பட்டுத் துணி போலக் கசங்கித்தான் விரியும். மலேசியாவில் பத்து காஜா பக்கத்து எஸ்டேட்டில், கடலே கண்ணில் படாத ஊரில், அது எப்படி வந்து நின்றது என்று கேட்பீர்கள்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பள்ளி விடுமுறையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். பல வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு தடவை லுமுட்டுக்குப் போய், அங்கிருந்து படகில் ஒரு சின்னத் தீவுக்குப் போனோம். படகுக்காரர் வீட்டு வாசலில் பால் டின்களில் இரண்டு மெந்திகிக் கன்றுகள் இருந்தன. ஒன்றை நான் வாங்கினேன். பெரியதை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக ஜெய்னம்பு வாங்கிக்கொண்டாள். எஸ்டேட் வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நூஹு அண்ணனின் மனைவி அவள். எங்கள் வீடு அப்போது லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு. எங்களுக்கும் அவர்கள் கடைக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி மட்டும்தான்.

நடுவில் ஒரு வருஷம் அந்தத் தீவுக்குத் திரும்பப் போனேன். கடலோரம் முழுக்கச் சிமெண்டுச் சுவர். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு மெந்திகி கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

வளர்த்தது ஒன்றும் சுலபமில்லை. ரப்பர் பால்மரம் நின்ற செம்மண் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, இலை மஞ்சளாகப் போனது. பக்கத்தில் ஈப்போவில் சுண்ணாம்பு மலை இருக்கும்போது எனக்கென்ன கவலை? கல்லுடைக்கும் இடத்திலிருந்து வேன் நிறையக் கல்துண்டு கொண்டுவந்து குழியில் கொட்டினேன். கடலுக்குப் போகும்போதெல்லாம் கேனில் உப்புத் தண்ணீர் பிடித்து வந்து, நல்ல தண்ணீரில் கலந்து ஊற்றினேன். என் வீட்டுக்காரர் சன்னாசி அந்தக் கேனைத் தூக்கும்போதெல்லாம், "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும்" என்பார். ஜெய்னம்பு கடையில் மிஞ்சும் சிப்பி ஓட்டை இடித்து அவள் செடிக்குப் போட்டாள். அவளுடையதும் பிடித்துக்கொண்டது.

இரண்டும் ஒரே வருஷத்தில் பூத்தன. சண்டையும் அங்கேதான் ஆரம்பித்தது. அவள் பூவின் நடுவில் ஊசி போல ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் பூவில் அந்த ஊசி உள்ளே அமுங்கிக் கிடந்தது. உன்னுடையது டூப்ளிகேட் என்றேன். உன்னுடையதுதான் நோஞ்சான் என்றாள். அதே வாரம் லயத்து ராமையா வந்து, "அடேயப்பா, என்னா பூவு" என்று வாயைப் பிளந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் செடிக்கடியில் இலை கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடந்தது. அன்றைக்குத்தான் கொசுவலை கட்டினேன். ராமையாவை வாசல் பக்கம் வராமல் விரட்டிவிடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க நிற்கிறவளை என்ன செய்வது?

அவள் சும்மா இருப்பாளா? என்னுடையதைவிடப் பெரிய வலை வாங்கி, ஓதிய கறுப்புக் கயிறு சுற்றிக் கட்டினாள். அதிலிருந்து இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. வலைக்குள்ளேயே செடிகள் வளர்ந்தன, வலையும் மாற்றி மாற்றிப் பெரிதானது. பூ மட்டும் அள்ளிச் சொரிந்தது. ஒரு வருஷம்கூடக் காய் பிடிக்கவில்லை. காய்க்காத சாதி போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு வருஷம் தைப்பூசம் கழிந்ததும் நோட்டீஸ் வந்தது. ஏற்கெனவே பால்மரத்தை வெட்டி எண்ணெய்ச் செம்பனை வைத்திருந்தார்கள். இப்போது செம்பனையையும் அழித்து வீடு கட்டப் போகிறார்களாம். எங்களுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடியில் வீடு, நூஹு அண்ணனுக்கு அதே கட்டடத்தின் கீழே கடை. தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். அழுதவர்கள் அழுதார்கள், சந்தோஷப்பட்டவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு ஒரே கவலைதான். செடியை என்ன செய்வது?

கிளை ஒடித்து ஊன்றினேன், ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. பதியம் கட்டினேன், கட்டிய கிளை கறுத்துப்போனது. வேரோடு பெயர்க்கலாம் என்றால், நூஹு அண்ணன் அதைத்தான் செய்து பார்த்தார். அவர்கள் செடியின் வலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு பக்கம் குழி வெட்டினார். அந்த வாரமே அந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்தது. ஜெய்னம்பு போட்ட சத்தத்தில் கடையில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். மனம் விட்டுப்போய் அவள் அந்த வலையைத் திரும்பக் கட்டவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வேறு வழியில்லை, அடுத்த முறை அந்த மண்வெட்டி என் செடியில்தான் விழும் என்று தெரியும்.

அந்த யோசனையில்தான் ஒரு நாள் வேனைப் பின்னால் எடுக்கும்போது பக்கக் கண்ணாடி மாட்டி என் வலை கிழிந்தது. வேலிப் பக்கமாக ஒரு கிளை வெளியே தலையை நீட்டியது. தைக்க வேண்டும் என்று நினைத்தேன். போகிற செடிக்கு என்ன தையல் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன். வெளியே நீட்டிய கிளையில், பூ உதிர்ந்த இடமெல்லாம் மிளகைவிடப் பெரிதாகப் பச்சைக் காய். கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு வலைக்குள் தலையை விட்டுத் தேடினேன். உள்ளே ஒரு காய்கூட இல்லை. காற்றும் வெயிலும் தண்ணீரும் எல்லாக் கிளைக்கும் ஒன்றுதான். இந்த ஒரு கிளை மட்டும்தான் ஜெய்னம்பு கண்ணில் பட்ட கிளை.

எனக்கு அங்கேயே உட்கார வேண்டும்போல் இருந்தது. ஆனால் நான் உட்காருகிற ஆள் இல்லை. நேராக வேலிக்குப் போனேன்.

"ஜெய்னம்பு, கொஞ்சம் வா."

மாவு பிசைந்த கையோடு வந்தாள். "யாரு, மங்களக்காவா? இன்னிக்கு மழைதான் லா."

"உன் செடியில காய் இருக்கா?"

"ஏன் கேக்குறே? கண்ணு வைக்கவா?"

"வைக்கிறதுன்னா இத்தனை வருசத்துல வைக்காமலா இருப்பேன்? சொல்லு."

அவள் திரும்பித் தன் செடியைப் பார்த்தாள். காய்ந்தது போக மிச்சமிருந்த பாதி வலையில்லாமல் நின்றது. "இருக்கு," என்றாள் மெதுவாக. "யாருகிட்டயும் சொல்லல. சொன்னா உதிர்ந்துடுமோன்னு பயம்."

என் பூ ஒன்றைப் பறித்து வேலிக்கு மேலே நீட்டினேன். அவளும் ஒன்றைப் பறித்து வந்தாள். இரண்டையும் அவள் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவள் பூவில் ஊசி மேலே, மகரந்தம் கீழே. என் பூவில் ஊசி கீழே, மகரந்தம் மேலே. ஒன்றில் அமுங்கிக் கிடந்தது மற்றதில் நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் செடியிலிருந்து ஒரு தேனீ கிளம்பி, வேலியைத் தாண்டி, என் வலைக்கு வெளியே நீட்டிய கிளையில் வந்து உட்கார்ந்தது. அதற்கு எங்கள் சண்டை தெரியாது.

"பப்பாளி மாதிரி," என்றாள் ஜெய்னம்பு. "ஜோடி வேணும். ரெண்டும் ஒரே ஜாதிதான் லா. நம்மதான் டூப்ளிகேட்டு."

அவள் சொன்னது உண்மை என்பதால் எரிச்சலாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

"அப்ப வலையை எடுத்துடுக்கா."

அங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பானே. ஜெய்னம்பு கடைக்கு வருகிறவர்கள் டீ ஆறும்வரை பார்ப்பார்களே. இலை உதிர்ந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"எடுக்கா. நான் பாக்காம கண்ணை மூடிக்கிறேன்," என்று நிஜமாகவே மாவுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கயிற்றை அறுத்தேன். மிளகாயும் எலுமிச்சம்பழமும் வலையும் ஒரே இழுப்பில் கீழே வந்தன.

"இப்பப் பாரு," என்றேன்.

பார்த்தாள். "எத்தனை வருசமா இம்புட்டு அழகை மூட்டை கட்டி வச்சிருந்தே," என்றாள். திட்டு மாதிரிதான் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த மழைக்காலத்துக்குள் இரண்டு செடியும் காய்த்துக் குலுங்கின. இலை எதுவும் உதிரவில்லை. காய் பழுத்து வெடிக்கும் முன்னே பறித்து, கடை முற்றத்தில் உலர்த்தினோம். மலைக்கல் பொடியும் சிப்பிப் பொடியும் கலந்து பால் டின்களில் விதைத்தோம். டின்னுக்குக் குறைவே இல்லை, நூஹு அண்ணன் ஊற்றும் டீ அத்தனை. முதல் முளை கிளம்பிய அன்று ஜெய்னம்பு கடையைப் பாதியில் விட்டு ஓடி வந்து என் வேன் கதவைத் தட்டினாள். இருவரும் குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தோம். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

காலி செய்த நாளில் வேன் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கன்றுகளை முதலில் ஏற்றினேன். சாமான் எல்லாம் அடுத்த நடை. "கட்டில் எப்ப வரும்?" என்றார் சன்னாசி. வரும்போது வரும் என்றேன். பழைய செடியைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

அடுக்குமாடிக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் ஒரு மண் பட்டை இருந்தது. அங்கே சுண்ணாம்புக் கல்லைக் கொட்டிக் கன்றுகளை வரிசையாக வைத்தோம். மிச்சத்தை விடுமுறையில் தீவுக்கே கொண்டு போனோம். அந்தப் படகுக்காரர் சுவர் கட்டாத ஒரு மூலையைக் காட்டி, தானே குழி தோண்டினார். போன மாதம் போட்டோ அனுப்பியிருந்தார். அத்தனையும் நிற்கின்றன.

எங்கள் வரிசை இந்த வருஷம்தான் முதல் தடவை பூத்தது. ஊசி நீட்டியதும் இருந்தது, அமுங்கியதும் இருந்தது. மூன்றாவது மாடி சரளா சந்தையிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அடேயப்பா, என்னா பூவுக்கா."

கடை வாசலிலிருந்து ஜெய்னம்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவள் என்ன செய்யப் போகிறாள் என்று.

"தூரத்துல நின்னு என்ன பாக்குறே சரளா? கிட்ட வந்து நல்லா பாரு," என்றேன்.

பழக்கம் விடுமா? மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக இலை உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க இறங்கினேன். எனக்கு முன்னால் ஜெய்னம்பு அங்கே குனிந்து நின்றாள். தரையில் ஒன்றும் இல்லை. அவள் கிளையைத் தூக்கிக் காட்டினாள். முதலில் உதிர்ந்த பூவின் இடத்தில் காய் பிடித்திருந்தது.