அவள் பெயரில் ஒரு தோப்பு

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். மேலே படிந்த பாலாடையைக் கரண்டியால் வழித்துக் குப்பையில் போட்டான், பார்த்தாலே குமட்டும். சட்டைக்கு இஸ்திரி போட்டான், காலருக்கு மட்டும். வாசலில் வனத்துறை ஜீப் ஹாரன் அடித்தது.

இன்று மலைச்சரிவில் மரம் நடுகிறார்கள். இறந்துபோன அவன் மனைவியின் பெயரில் தோப்பு. முதல் கன்று அவன் கையால்.

அவள் அந்தச் சரிவில் பிறந்தவள். அவளுடைய ஆட்கள் அங்கே மரம் வளர விட்டதே இல்லை. மண்ணில் ஈரம் இருக்கும்போதே புல்லைத் துண்டு துண்டாகக் கொளுத்திவிடுவார்கள். ஒரு துண்டு கருகிக் கிடந்தால் பக்கத்துத் துண்டு பச்சையாக நிற்கும். கோடையில் பெருந்தீ பிடிக்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது. புல்லின் வேர் மழையைப் பிடித்து வைக்கும். கீழே ஊற்று வற்றாது. துறையின் வரைபடத்தில் அந்த இடம் ‘தரிசு’. அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லி, காய்ச்சலில் விழும்வரை அலுவலகப் படியேறினாள்.

சரிவில் பந்தல், நாற்காலிகள், பலகையில் அவள் படம். தோண்டிய குழிகளின் ஓரமெல்லாம் புல்வேர் பிய்ந்து கிடந்தது. வரிசையாக, நிலத்து நீரை உறிஞ்சும் தைலமரக் கன்றுகள்.

அவளுடைய அண்ணன் ஒதுங்கி நின்றிருந்தான்.

“வாங்க மாப்பிள்ளை. கையுறை குடுத்தாங்களா? மண்ணு பட்டுடப் போகுது.”

“நான் எதுவும் கேக்கல மச்சான். அவங்களே ஏற்பாடு பண்ணிட்டாங்க.”

“வேணாம்னும் சொல்லலையே. புருஷனே நட்டுட்டாருன்னு மலை முழுக்க நட்டுடுவானுங்க. எங்க பேச்சு எங்க எடுபடப் போகுது? ஊத்து வத்தினா உங்க டவுன்லேர்ந்து லாரியில கொண்டாந்து ஊத்துங்க.”

அவன் தலையாட்டினான். அவள் போனதிலிருந்து யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவான். தலையாட்டினால் போய்விடுகிறார்கள்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். சென்ட் வாடை பந்தலை அடைத்தது.

“ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தேன். என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ‘சார், எங்க மலை மொட்டையா கிடக்கு, மரம் வைங்க’ன்னாங்க. அதுதான் அந்தத் தாயோட கடைசி வார்த்தை.”

கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். கண் காய்ந்துதான் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நாக்கில் நரம்பில்லாத பேச்சு. அவனுக்கு வெறுப்பு வந்தது. அவரைப் பார்த்து மட்டுமல்ல, இத்தனை நாள் ஆட்டிய தன் தலையை நினைத்தும்.

கன்றைக் கொடுத்தார்கள். வாங்கிக் கீழே வைத்தான்.

“நான் நட மாட்டேன். அவ பேரை எடுத்துடுங்க.”

“வருத்தத்துல பேசுறீங்க தம்பி. அவங்க கடைசி ஆசைப்பா இது.”

“நீங்க வந்தப்ப அவ கண்ணை மூடிப் படுத்திருந்தா சார். உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல. அப்புறம் கண்ணைத் திறக்கவே இல்ல.”

மைக்கை யாரும் அணைக்கவில்லை. பந்தல் முழுக்கக் கேட்டது. அண்ணன் முன்னால் வந்தான்.

“அப்ப கடைசியா என்னதான் சொன்னா என் தங்கச்சி?”

ஜீப் வந்து நிற்பதை அன்று ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே அவள்தான் முதலில் பார்த்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்:

“‘அந்தாளு வந்தா, நான் தூங்குறேன்னு சொல்லிடு.’”